ரோஜாவுக்குப் பின்னால் இருந்த ஊசி

எங்கள் அத்தான், அக்காவின் கணவர், வேலையில் இருந்த காலம் முழுக்க ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் உட்கார்ந்திருந்தார். வருகிற உறையைப் பிரிப்பார், முத்திரை குத்துவார், அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. அது அவர் வேலையும் இல்லை. ஓய்வு பெற்றபோது சந்தன நிறத்தில் ஒரு கைக்கடிகாரமும் நல்ல மனிதர் என்ற பெயரும் கொடுத்து அனுப்பினார்கள். நல்ல மனிதர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழக்கம் விடுமா? மேசை போய் கையில் போன் வந்தது, அவ்வளவுதான். விடிந்ததும் யாரோ ஒருவர் அவருக்கு எதையாவது அனுப்புவார். பல் துலக்கி முடிப்பதற்குள் அது எங்கள் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் வந்து சேர்ந்துவிடும்.

அப்படி ஒரு நாள் வந்து இறங்கியதுதான் தேனும் பட்டையும். வெந்நீரில் ஒரு ஸ்பூன் தேன், அரை ஸ்பூன் பட்டைத் தூள், வெறும் வயிற்றில். மூட்டு வலி போகும், கொழுப்பு கரையும், கொட்டின முடி முளைக்கும், காது கேட்கும், சர்க்கரை நோய் இருந்த இடம் தெரியாமல் போகும். நான் பூக்கடை வைத்திருப்பவள். காதில் பூ சுற்றுவது எனக்குத் தெரியாத தொழில் இல்லை. படித்துவிட்டுச் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம் அவர்.

விடவில்லை. என் அக்காவுக்குச் சர்க்கரை. தினமும் காலையில் வயிற்றில் ஓர் ஊசி போட்டுக்கொள்வாள். பேனா மாதிரி இருக்கும், திருகி அளவு வைத்துக் குத்திக்கொள்ள வேண்டும். அத்தான் ஒரு நாள் ஃபிரிட்ஜைத் திறந்து அந்தப் பேனாக்களை எல்லாம் அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அவள் முன்னால் ஒரு டம்ளரை வைத்தார்.

"இனிமே உனக்கு இந்தக் குத்தல் எல்லாம் வேண்டாம். நான் இருக்கேன்ல."

ஓய்வு பெற்றதிலிருந்து ஜன்னலோரமே கதி என்று கிடந்த மனிதர் அன்றைக்கு உற்சாகமாக இருந்தாராம். அந்த முகத்தைப் பார்த்து அக்காவுக்கு மறுத்துப் பேச மனம் வரவில்லை. டம்ளரை வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு நேராக மருந்துக்கடைக்குப் போய்ப் புதுப் பேனா வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள்.

"இதை உன் பெட்டியில வெச்சுக்கோடி. காலையில நடக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்து போட்டுக்கிறேன்."

என் கடையில் ஆளுயரக் கண்ணாடிக் குளிர்ப்பெட்டி ஒன்று உண்டு. ரோஜாவும் லில்லியும் வாளி வாளியாக அதில் நிற்கும். சிவப்பு ரோஜா வாளிக்குப் பின்னால் பேனாவை வைத்தேன். வைக்கும்போதே சொன்னேன்.

"அவர்கிட்ட நேராச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"பாவம்டி. எனக்கு நல்லது செய்றதா நெனச்சுக்கிட்டு இருக்கார். ஒரு டம்ளர் குடிச்சா குறைஞ்சா போயிடுவேன்?"

பாவம்! எங்கள் வீட்டில் பெண்கள் நாசமாய்ப் போவதெல்லாம் இந்த ஒரு சொல்லால்தான். புருஷன் பாவம், கொழுந்தன் பாவம், எதிர்வீட்டுப் பூனை பாவம். அவளை மட்டும் யாரும் பாவம் என்று சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு பெட்டிக்குள் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். அவள் எப்படியோ ஊசி போட்டுக்கொண்டால் சரி என்றுதான் நினைத்தேன்.

அத்தான் வாரா வாரம் அக்காவின் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பார். எப்படி இருக்கும்? தினமும் ஊசி, போதாததற்கு என் கடை வரைக்கும் நடை. அளவு முன்பைவிட நன்றாகவே இருந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைச் சமையலறை வெளிச்சத்தில் நிறுத்தி, கையில் தேன் பாட்டிலைக் கொடுத்து, வீடியோ எடுத்தார். "இவங்க என் மனைவி. ஊசிக்கு விடை கொடுத்தவங்க. மருந்து கம்பெனிக்காரன் சொல்லாத ரகசியம் இது" என்று பின்னாலிருந்து அவர் குரல். அக்கா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு அவளைத் தெரியும், அது பல்வலிக்காரி சிரிப்பு. தெரியாதவர்களுக்கு நிஜச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

"எதுக்குக்கா இதுக்கெல்லாம் போய் நிக்கிறே?" என்று கேட்டேன்.

"நம்ம சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான்டி அனுப்புவாராம்."

தேனை நான் குறை சொல்லவில்லை. இருமல் வந்தால் நானே வெந்நீரில் கலந்து குடிப்பேன், தொண்டைக்கு இதமாக இருக்கும். பட்டை போட்ட தேநீரும் எனக்குப் பிடிக்கும். தேன் என்ன பாவம் செய்தது? அது பாட்டுக்கு பாட்டிலில் இருந்தது.

அத்தானுக்கு ஒரு தம்பி, கல்யாணமாகாதவர், டாக்சி ஓட்டுபவர். எல்லோரும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவோம். சொந்தக்காரர்களை ஏற்றினாலும் மீட்டரைப் போட்டுவிட்டு, இறங்கும்போது காசு வாங்காமல் போகிற மனிதர். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. அக்காவுக்கு நடுவயதில் வந்த மாதிரி இல்லை. அவர் உடம்பில் இன்சுலின் சுரப்பதே கிடையாது, ஊசி இல்லாவிட்டால் உயிர் இல்லை. சவாரிக்கு நடுவில் வண்டியை ஓரங்கட்டி, சட்டையைத் தூக்கிக் குத்திக்கொண்டு, மறுபடி வண்டியை எடுப்பார். அதைப் பற்றி ஒரு நாளும் புலம்பி நான் கேட்டதில்லை.

அன்று காலை ஒரு திருமண ஆர்டருக்காக முள் நீக்கிக்கொண்டிருந்தேன். அக்கா வழக்கம்போல வந்தாள். குளிர்ப்பெட்டியைத் திறந்து பேனாவை எடுத்தவள், சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள்.

"தம்பி எங்க வீட்டுலதான் இருக்காரு. ஒரே வாந்தி. உங்க அத்தான் உடம்புல இருக்கிற கழிவெல்லாம் வெளியே போகுதுங்கறார்."

"எதுக்கு வாந்தி? என்ன சாப்பிட்டார்?"

"ஒண்ணும் சாப்பிடல. தேன் தண்ணிதான்."

கையில் இருந்த கத்தரியை மேசைமேல் வைத்தேன்.

"ஊசி?"

அக்கா பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அவர் ஊசி போட்டுக்கிறாரா இல்லையா?"

"நிறுத்திட்டாராம். நேத்து ராத்திரிதான்டி எனக்கே சொன்னாங்க. சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. அதான் உன்கிட்டக் கேட்கலாம்னு…"

"என்கிட்டக் கேட்க என்ன இருக்கு? நான் டாக்டரா? பூ விக்கிறவ."

கத்தினேன். கடை வாசலில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஷட்டரை இழுத்து விட்டேன். கட்டி முடிக்காத பூக்கொத்துகள் மேசையில் கிடந்தபடி கிடக்கட்டும் என்று, அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என் டெலிவரி வண்டியில் ஏற்றினேன். அவளுக்கு ஊசி போட்டுக்கொள்ளக்கூட நேரம் தரவில்லை. பேனா அவள் கைப்பைக்குள் போனது. வழியெல்லாம் அவளைத் திட்டினேன், அத்தானைத் திட்டினேன், சிவப்பு விளக்கைத் திட்டினேன்.

மீட்டரின் டாக்சி வீட்டு வாசலில் தூசி படிந்து நின்றது. உள்ளே முன் அறையில், சோபாவில், அவர் சுருண்டு கிடந்தார். வீடு முழுக்கப் பட்டை வாசனை. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். குனிந்து பக்கத்தில் போனேன். பட்டை வாசனையையும் மீறி அவர் மூச்சில் இன்னொரு வாசனை வந்தது, பழம் அளவுக்கு மீறிக் கனிந்து நொதிக்கிற வாசனை. எனக்கு அதன் பெயர் தெரியாது. அது உயிருள்ள மனிதன் வாயிலிருந்து வரக்கூடாத வாசனை என்று மட்டும் தெரிந்தது.

அத்தான் டம்ளரில் ஸ்பூனை விட்டுக் கலக்கிக்கொண்டு வந்தார்.

"வாம்மா பூக்காரி. என்ன இந்த நேரத்துல? கடையில வியாபாரம் இல்லையா?"

"இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். வாங்க, பிடிங்க."

"பதறாதே. இது நல்ல அறிகுறி. உள்ளே ஊறிப்போன மருந்தெல்லாம் வெளியே வருது. இன்னும் கொஞ்சம் பொறுத்தா தெளிஞ்சிடுவான்."

"யார் சொன்னா?"

"அதுலயே போட்டிருக்கே."

அதிலேயே போட்டிருக்கிறதாம்! சொந்தத் தம்பி கண்ணெதிரே மூச்சுக்குத் தவிக்கிறான், இவர் போனில் இருப்பதைப் படித்துக்கொண்டிருக்கிறார். அந்த டம்ளரைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று நிஜமாகவே தோன்றியது. அதற்கு நேரம் இல்லை. மீட்டரின் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். அவர் என் கையை விலக்கினார்.

"வேண்டாம் பூக்காரம்மா. போனா மறுபடியும் ஊசி போட்டுருவாங்க. இவ்வளவு நாள் பொறுத்தாச்சு."

"செத்துப் போயிடுவீங்க."

"அண்ணிக்குச் சரியாச்சே." மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். "அண்ணன் சொன்னப்ப நான் நம்பல. அண்ணியைப் பார்த்துத்தான் நம்பினேன். அண்ணி பொய் சொல்ல மாட்டாங்க."

நான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன்.

அவள் கதவோரம் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே பேனா இருக்கிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொன்னால் எடுபடாது. எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வருகிறவள் என்று எனக்கு இந்த வீட்டில் ஏற்கெனவே பெயர் உண்டு. அவள்தான் சொல்ல வேண்டும். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் பெருமையாகத் தலையை ஆட்டி, "சொல்லு, உனக்கும் முதல்ல தலைசுத்தல் இருந்துச்சுல்ல?" என்றார்.

அந்த நேரத்தில் என் கூடப் பிறந்தவள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போதும் பாவம் பார்க்கிறாளே! ஒருவருடைய சந்தோஷம் கெட்டுவிடுமே என்று இன்னொருவர் உயிரை அல்லவா தராசில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்!

"அக்கா" என்றேன்.

அவள் கைப்பையைத் திறந்தாள். பேனாவை எடுத்தாள். மீட்டரின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊசியைப் பொருத்தி, திருகி அளவு வைத்தாள். முந்தானையை ஒதுக்கி, இடுப்புக்கு மேலே வயிற்றைக் கிள்ளிப் பிடித்து, எல்லோர் கண் முன்னாலும் குத்திக்கொண்டாள். உள்ளே போகிற வரைக்கும் அழுத்திப் பிடித்தாள். பிறகு எடுத்தாள்.

"தினமும் இதுதான் தம்பி" என்றாள். "இவ கடையில போய்ப் போட்டுக்கிறேன். ஒரு நாளும் விட்டதில்ல. தேனால இல்ல. உங்க அண்ணன் மனசு நோகுமேன்னு சொல்லல. எந்திரிங்க."

மீட்டர் அவளையே பார்த்தார். கோபப்படக்கூட அவர் உடம்பில் தெம்பு இல்லை. கையை மட்டும் நீட்டினார். நானும் அவளுமாகப் பிடித்துத் தூக்கினோம்.

அத்தான் டம்ளரோடு அப்படியே நின்றார். நாங்கள் வாசலைத் தாண்டும்போதுதான் அவருக்கு வாய் திறந்தது.

"அப்ப இத்தனை நாளா என்னை ஏமாத்திட்டு இருந்தியா?"

தம்பிக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை, நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. என்னை ஏமாற்றினாயா என்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க எனக்கு நுனி நாக்கு வரை வந்தது. ஆனால் தோளில் ஒரு மனிதர் சரிந்துகொண்டிருந்தார்.

"என் வண்டிக் கதவைத் திறங்க அத்தான்" என்றேன். "அதையாவது செய்ங்க."

வந்து திறந்தார். தானும் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மீட்டரைப் பார்த்த மாத்திரத்தில் டாக்டரம்மா ஓடி வந்தார். இரண்டு கையிலும் ஊசி, தலைமாட்டில் பாட்டில்கள், மூக்கில் குழாய். நடுவில் ஒரு முறை வெளியே வந்து, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். "யார் இவரை ஊசியை நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார். அத்தான் தரையைப் பார்த்தார். அக்கா, "நாங்கதான்" என்றாள். அதற்கும் எனக்குக் கோபம்தான். ஆனால் அவள் சொன்னதில் தப்பு இல்லை. பெட்டியில் இடம் கொடுத்தவள் நான்.

மீட்டர் பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும், "வண்டியை யாராவது துடைச்சு வைங்க" என்றார். அக்கா அழுதாள். அத்தான் பழம் வாங்கி வந்து அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அக்காவின் பேனா என் ரோஜா வாளியை விட்டு அவள் வீட்டு ஃபிரிட்ஜுக்கே திரும்பிப் போனது. அத்தான் அவளோடு பேசுவதில்லை. கேட்பவர்களிடம் எல்லாம், "வீட்டுல இருக்கிறவங்களே நம்மை நம்பல, என்ன செய்ய" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீடியோவை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அழிச்சிட்டேன்" என்றார், தன் மேசை காலி என்கிற தோரணையில்.

பக்கத்துத் தெரு வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, வாரத் தொடக்கத்தில் மேசைக்கு வைக்க வெள்ளைப் பூ வாங்க வருவார். அதிகம் பேச மாட்டார். அன்று பூவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது என்னை உற்றுப் பார்த்தார்.

"உங்களுக்கு அக்கா யாராவது இருக்காங்களா? அப்படியே உங்க ஜாடை."

போனை நீட்டினார். சமையலறை வெளிச்சத்தில் என் அக்கா தேன் பாட்டிலோடு சிரித்துக்கொண்டிருந்தாள். வீடியோவுக்கு மேலே யாரோ நெருப்புப் படங்களும் அம்புக்குறிகளும் ஒட்டியிருந்தார்கள். பின்னணியில் ஏதோ இசை. அத்தானின் குரல் மட்டும் மாறவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு ஆரம்பிச்சிருக்கோம்" என்றார் அந்த அம்மா. "அவருக்கும் ஊசிதான். இவங்களைப் பார்த்ததும் ஒரு நம்பிக்கை வந்துச்சு. முகத்தைப் பாருங்க, எவ்வளவு தெளிவு."

நானே சொல்லியிருக்கலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் எத்தனை நாள் அத்தான் தள்ளிவிட்டதை நாங்கள் வாரிக்கொண்டிருப்பது? என் போனை எடுத்தேன்.

"அத்தான், இப்பவே கடைக்கு வாங்க. ஒருத்தங்க உங்ககிட்டப் பேசணுமாம்."

அந்த அம்மாவிடம், "அஞ்சு நிமிஷம் இருங்க. அதுக்குள்ள வீட்டுக்குப் போன் பண்ணி, ஊசியை நிறுத்த வேண்டாம்னு மட்டும் சொல்லிடுங்க. ஏன்னு இந்த வீடியோவுல பேசுறவரே வந்து சொல்வார்" என்றேன். என் முகத்தைப் பார்த்து ஏன் என்று கேட்காமல் போன் செய்தார்.

அத்தான் வந்தார். போனில் தன் குரலைக் கேட்டதும் அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். பழக்கதோஷம். பிறகு எங்கே நிற்கிறோம் என்று புரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தேன் நல்லதுதாங்க. இருமலுக்கு, தொண்டைக்கு… பட்டையும் நல்லதுதான். ஆனா…"

"ஆனாவுக்கு அப்புறம் இருக்கிறதை முதல்ல சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், கடைசியாக அக்காவின் சிரிப்பைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக வந்த ஒன்றை அவர் படிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"இது என் பொண்டாட்டிங்க" என்றார். முத்திரை குத்தித் தள்ளிவிடுகிற குரலாக இல்லை அது. "இவ ஊசியை நிறுத்தவே இல்ல. நிறுத்திட்டான்னு நான் நெனச்சேன். நெனச்சதை அப்படியே அனுப்பிட்டேன். அதை நம்பி என் தம்பி சாகக் கெடந்தான். அவன் கெடந்தப்பவும் நான் தேன்தான் கலக்கிட்டு இருந்தேன்."

அந்த அம்மா பூவை மறந்துவிட்டுக் கல்லாவில் சாய்ந்துகொண்டார்.

"எனக்கு இதை அனுப்பினது எங்க வங்கிக் காவலாளி. அவருக்கு யாரோ அனுப்பியிருக்காங்க. இது இன்னும் எத்தனை பேர்கிட்டப் போயிருக்கும்?"

அத்தானுக்கு அது எப்போதுமே தெரிந்ததில்லை.

என் கோபம் அப்போதும் தீரவில்லை. இப்போதும் தீரவில்லை. உள்ளே போய், நான் முள் நீக்க உட்காருகிற நாற்காலியை எடுத்து வந்து, தெருவைப் பார்த்த மாதிரி கடை வாசலில் போட்டேன்.

"இங்கேயே உட்காருங்க அத்தான்" என்றேன். "இன்னும் வருவாங்க."